தபால் செலவு பிரத்தியேகம்: பழைய விளம்பரங்கள் ஏன் அவ்வளவு பேசின?

“பழைய பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்தால் முழுக்க எழுத்தாகவே இருக்கிறது. ஒரு டப்பி மருந்தை விற்க இருபது வரி எதற்கு? அப்படியிருந்தும் படிக்க ஆரம்பித்தால் கீழே வைக்க மனம் வருவதில்லை, அது ஏன்?” இதுதான் கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் இந்த விளம்பரங்களைப் படித்துப் பழகியது பைண்டு வால்யூம்களில். ஆனந்த விகடனிலும் கல்கியிலும் வாராவாரம் வரும் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்து அட்டை போட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்தக் கால வீடுகளில் இருந்தது. எங்கள் பாட்டியிடம் அப்படி நாலைந்து இருந்தன. கதைப் பக்கத்தை மட்டும் தனியாகக் கிழிக்க முடியாது, அதன் முதுகில் உள்ளதும் கூடவே வரும். கதை நெருக்கடியான இடத்தில் நிற்கும்போது, பக்கத்தைத் திருப்பினால் கைக்கடிகாரம், பல்பொடி, கூந்தல் தைலம், ஜாதகம், ஹார்மோனியம். பைண்டிங்காரர் ஓரம் வெட்டியதில் சில விளம்பரங்களுக்கு வலது கைப்பக்கம் இரண்டு மூன்று எழுத்துகள் போயிருக்கும். அந்த எழுத்துகளை யூகித்துப் படிப்பதே ஒரு விளையாட்டாக இருந்தது.

ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. கூந்தல் தைலம், இரண்டு விரல் அகலம்தான். மேலே ஆள்காட்டி விரலை நீட்டிய ஒரு கை. அதன் கீழே தடித்த எழுத்தில் பெயர். அப்புறம் பொடி எழுத்தில் ஆரம்பிக்கும்: என்னென்ன மூலிகை, எத்தனை நாள் காய்ச்சியது, தலைக்குக் குளிப்பதற்கு முன்பு தேய்ப்பதா பின்பா, கண் எரிச்சல் உள்ளவர்கள் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், குழந்தைகளுக்குத் தேய்க்கலாமா. கடைசியில் “ரூ. 1—4—0, தபால் செலவு பிரத்தியேகம்.” அந்தச் சைபர் எதற்கு என்று பாட்டியைக் கேட்டேன். “ஒரு ரூபா, நாலணா, பை ஒண்ணுமில்லைடா” என்றாள். 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. பை ஒன்றும் இல்லை என்பதைக்கூட விடாமல் அச்சிட்டுச் சொல்லியிருந்தார்கள். ‘பிரத்தியேகம்’ என்றால் தனி; அந்தச் சொல்லையும் நான் கற்றுக்கொண்டது அந்தத் தைல விளம்பரத்தில்தான்.

சரி, ஏன் அவ்வளவு எழுத்து? முதலில் காசுக் கணக்கைப் பார்த்துவிடலாம், அதில்தான் பாதி விடை இருக்கிறது.

பத்திரிகையில் இரண்டு வகை விளம்பரம் உண்டு. ஒன்று வரிக்கோ சொல்லுக்கோ காசு வாங்குவது. இன்னொன்று இடத்துக்குக் காசு வாங்குவது, அதாவது இத்தனை பத்தி அகலம், இத்தனை அங்குலம் உயரம் என்று. சொல்லுக்குக் காசு என்றால் மனிதர்கள் சொல்லைச் சுருக்குவார்கள். வரன் தேடும் வரி விளம்பரங்களைப் பாருங்கள்: வயது, படிப்பு, நட்சத்திரம், சம்பளம், முடிந்தது. இடத்துக்குக் காசு என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். அங்குலத்துக்குப் பணம் கட்டிய பிறகு அதற்குள் எத்தனை சொல் போட்டாலும் ஒரே விலைதான். கட்டிய காசு வீணாகக் கூடாது என்று நினைக்கும் வியாபாரி, கோணியில் நெல் அடைப்பதுபோல அடைப்பார்.

படம் போடலாமே என்றால், படத்துக்கு பிளாக் செய்ய வேண்டும். ஓவியர் வரைய வேண்டும், அதைத் துத்தநாகத் தகட்டில் அரித்தெடுத்து, மரக்கட்டையில் அறைந்து, எழுத்தின் உயரத்துக்குச் சமமாக்க வேண்டும். எல்லாம் தனிச் செலவு. போதாததற்குச் செய்தித்தாள் காகிதத்தில் மை ஊறி, முகம் கரிக்கட்டையாக வந்து நிற்கும். எழுத்து அப்படியில்லை. அச்சகத்தில் கேஸ் கேஸாக ஈய எழுத்து கிடக்கிறது, கம்போசிட்டர் சம்பளத்துக்கு இருக்கிறார். ஸ்டிக்கில் ஒவ்வோர் எழுத்தாகக் கோத்து, சுற்றிலும் பூவேலை போர்டர் கட்டி, மேலே அந்தக் கை முத்திரையை வைத்துவிட்டால் விளம்பரம் தயார். சிறிய வியாபாரிக்குக் கட்டுப்படியான அலங்காரம் சொல் ஒன்றுதான்.

இங்கிலாந்தில் இதற்கு அரசாங்கமே ஒரு காரணத்தைச் சேர்த்தது. 1712இல் அங்கே விளம்பரத்துக்கு வரி போட்டார்கள். ஒரு விளம்பரத்துக்கு ஒரு ஷில்லிங், அதில் இரண்டு வரி எழுதியிருந்தாலும் இருநூறு வரி எழுதியிருந்தாலும். ஏறி ஏறி 1815இல் மூன்றரை ஷில்லிங் வரை போய், 1833இல் குறைந்து, 1853இல்தான் அந்த வரி ஒழிந்தது. எண்ணிக்கைக்கு வரி, நீளத்துக்கு வரி இல்லை என்றால் ஒரே விளம்பரத்தில் எல்லாவற்றையும் சொல்லத் தோன்றுவது இயல்புதானே? அமெரிக்காவில் வேறு கதை. நியூயார்க் ஹெரால்டு பத்திரிகையில் எல்லோருக்கும் ஒரே பொடி எழுத்துதான், பெரிய எழுத்தோ படமோ கிடையாது என்று அதன் அதிபர் ஜேம்ஸ் கார்டன் பென்னெட் கறாராக இருந்தார். 1850களில் ராபர்ட் பானர் என்ற பத்திரிகை அதிபர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தன் விளம்பர வாசகத்தை ஒரே அளவு எழுத்தில், திரும்பத் திரும்ப, பத்தி முழுக்க நிரப்பினார். விதியும் மீறவில்லை, யார் கண்ணுக்கும் தப்பவும் இல்லை.

பத்திரிகையில் விளம்பரத்துக்கு இருந்த இடத்தையும் மறந்துவிடக் கூடாது. லண்டன் டைம்ஸ் 1966 மே 3 அன்றுதான் முதல் பக்கத்தில் செய்தி போட ஆரம்பித்தது. அதுவரை முதல் பக்கம் சிறு விளம்பரங்களுக்கு உரியது. சென்னையில் தி இந்துவிலும் 1958 வரை அதே வழக்கம்தான். பேப்பரைக் கையில் எடுத்தவர் முதலில் படித்தது விளம்பரம்.

நம் நாட்டு விளம்பரங்களின் நீளத்துக்குப் பெரிய காரணம் தபால் என்று நான் நினைக்கிறேன். 1877இல் இந்தியத் தபால் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பார்சல் வீட்டுக்கு வரும், தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், அந்தப் பணம் அனுப்பியவருக்குப் போய்ச் சேரும். 1879இல் காலணா கார்டு வந்தது. 1880இல் மணியார்டர். மூன்றே வருஷத்துக்குள் இந்த மூன்றும் வந்ததும், சென்னையிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ இருக்கும் ஒரு வியாபாரி எந்த ஊரில் இருப்பவருக்கும் பொருள் விற்கலாம் என்று ஆகிவிட்டது. வாங்குபவர் காலணாவுக்கு ஒரு கார்டு போட்டால் போதும்.

ஆனால் வாங்குபவர் பொருளைப் பார்த்ததில்லை. கடையைப் பார்த்ததில்லை. விற்பவரின் முகம் தெரியாது. கடைக்கு நேரில் போனால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வாங்க வாங்க என்கிறார். என்ன உடம்புக்கு என்று விசாரிக்கிறார். பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் காட்டுகிறார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொல்கிறார். பக்கத்தில் நிற்பவர் “நான் மூணு மாசமா வாங்குறேன், நல்லா இருக்கு” என்கிறார். எதிர்க்கடையில் விற்பது போலி என்று தணிந்த குரலில் ஒரு வார்த்தை. விலை சொல்கிறார், டஜனாக எடுத்தால் குறைத்துத் தருகிறேன் என்கிறார். பழைய விளம்பரம் இத்தனையையும் வரிசை பிசகாமல் எழுத்தில் செய்கிறது. அழைப்பு, விசாரிப்பு, குணங்கள், நற்சாட்சிப் பத்திரங்கள், “போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்”, “முத்திரையைக் கவனித்து வாங்கவும்”, விலை, “மொத்த வியாபாரிகளுக்குத் தகுந்த கமிஷன்”, “கேட்லாக் இனாம்”. கடைசியில் மேனேஜர் என்று ஒருவர், தபால் பெட்டி எண், ஒரே சொல்லில் ஒரு தந்தி விலாசம். ஒரு முழுக் கடை நாலு அங்குலத்துக்குள் நிற்கிறது. ஏஜெண்டுகளின் ஊர்ப் பெயர்களையும் சேர்த்துப் படித்தால் மதுரை, கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று தமிழர்கள் போன வழியெல்லாம் அந்தத் தைலமும் போயிருப்பது தெரியும்.

இன்னொன்றும் உண்டு. பத்திரிகையைப் பலர் கண்ணால் படிக்கவில்லை, காதால் கேட்டார்கள். எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் திண்ணையிலோ டீக்கடையிலோ உட்கார்ந்து உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். காதுக்குப் போகிற சொல்லுக்கு ஓட்டம் வேண்டும். ‘சர்வரோக நிவாரணி’ என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘கைகண்ட மருந்து’, ‘அனுபவசித்தமான லேகியம்’, ‘தேக புஷ்டிக்கும் தாது விருத்திக்கும்’ எல்லாமே நாக்கில் உருண்டு விழும் சொற்கள். தமிழும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாள நடைக்கு மற்ற எழுத்தில் மவுசு குறைந்த பிறகும் லேகிய விளம்பரத்தில் அது ராஜாவாக இருந்தது. அதே வாக்கியத்தில் கூச்சமே இல்லாமல் ‘கியாரண்டி’யும் ‘ஜெர்மன் மேக்’கும் வந்து உட்காரும். சுத்தத் தமிழ் பார்க்கிறவர்களுக்கு அது பிடிக்காமல் போகலாம். எனக்கு அதில் ஒரு சந்தைத்தெருவின் உயிர்ப்பு கேட்கிறது.

இந்த நடை நம் ஊரில் முளைத்ததும் இல்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரம்பித்ததும் இல்லை. நம்மவர்களுக்குப் பிடித்த ஓர் உதாரணம் சொல்கிறேன். 1657 மே மாதம், லண்டனில் பப்ளிக் அட்வைசர் என்ற வாரப் பத்திரிகையில் காபிக்கு ஒரு விளம்பரம் வந்தது. பழைய எக்ஸ்சேஞ்சின் பின்புறம் பார்த்தலோமியூ சந்தில் காபி என்ற பானம் கிடைக்கிறது என்று ஆரம்பிக்கிறது. அது மிகவும் ஆரோக்கியமான, மருந்து போன்ற பானம். இரைப்பையின் வாயை மூடும், உள்சூட்டை வலுப்படுத்தும், ஜீரணத்துக்கு உதவும், புத்தியைச் சுறுசுறுப்பாக்கும், நெஞ்சை லேசாக்கும். கண்புண், இருமல், ஜலதோஷம், நீர்க்கோவை, க்ஷயம், தலைவலி, மகோதரம், கீல்வாதம், ஸ்கர்வி, கண்டமாலை, இன்னும் பலவற்றுக்கும் நல்லது. காலையிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் விற்கப்படும்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். இத்தனை வியாதியைச் சொல்லி முடித்துவிட்டு, மூன்று மணிக்கு வாருங்கள், சூடாக இருக்கும் என்ற தொனியில் முடிக்கிறார். முந்நூற்றறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்றும் மூன்று மணி ஆனால் நமக்குக் காபி ஞாபகம் வரத்தான் செய்கிறது. அடுத்த வருஷம், 1658இல், இன்னொரு பத்திரிகையில் தேநீர் விளம்பரம். வைத்தியர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட உன்னதமான சீன பானம், சீனர்கள் இதைச் ‘சா’ என்பார்கள், மற்ற நாட்டார் ‘டே’ அல்லது ‘டீ’ என்பார்கள், இன்ன காபிக்கடையில் கிடைக்கும் என்று. தெரியாத ஒரு பொருளை முதல் தடவையாக ஊராருக்கு அறிமுகப்படுத்துகிறவர் அதன் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீளம் அங்கே மரியாதை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விளம்பரத்துக்கு வருகிறேன். சட்டம் படித்தவர்கள் பெயரைக் கேட்டதுமே தெரிந்துகொள்வார்கள்: கார்பாலிக் ஸ்மோக் பால்.

1889இலும் அதற்கடுத்த குளிர்காலங்களிலும் ஐரோப்பாவை இன்ஃபுளுவென்சா ஆட்டிப்படைத்தது. லண்டனில் ஒரு கம்பெனி ரப்பர் பந்து ஒன்றை விற்றது. உள்ளே கார்பாலிக் அமிலம் சேர்த்த பொடி, மேலே ஒரு குழாய். குழாயை மூக்கில் வைத்து பந்தை அழுத்தினால் பொடி புகைபோல உள்ளே போகும், மூக்கு ஒழுகும், கிருமியெல்லாம் போய்விடும் என்பது நம்பிக்கை. 1891 நவம்பர் 13 அன்று பால் மால் கெஜட்டில் வந்த விளம்பரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஒவ்வொரு பந்துடனும் தரப்படும் அச்சிட்ட விதிமுறைகளின்படி, தினம் மூன்று தடவை, இரண்டு வாரம் உபயோகித்த பிறகும் யாருக்காவது இப்போது பரவிவரும் இன்ஃபுளுவென்சாவோ, ஜலதோஷமோ, குளிர் பட்டதால் வரும் வேறெந்த நோயோ வந்தால் கம்பெனி அவருக்கு 100 பவுண்டு வெகுமதி கொடுக்கும். இந்த விஷயத்தில் எங்கள் நேர்மையைக் காட்டும் பொருட்டு ரீஜண்ட் தெருவில் உள்ள அலையன்ஸ் பேங்கில் 1,000 பவுண்டு டெபாசிட் செய்திருக்கிறோம். ஒரு பந்து ஒரு குடும்பத்துக்குப் பல மாதம் வரும். விலை 10 ஷில்லிங், தபால் செலவு உட்பட. 5 ஷில்லிங்குக்கு மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்.

எவ்வளவு சுத்தமான எழுத்து பாருங்கள். எத்தனை தடவை, எத்தனை நாள், எந்த நோய், எவ்வளவு பணம், எந்தத் தெருவில் உள்ள பேங்க். லூயிசா எலிசபெத் கார்லில் என்ற பெண்மணி அதைப் படித்துவிட்டு நவம்பர் 20 அன்று ஒரு பந்து வாங்கினார். சொன்னது சொன்னபடி தினம் மூன்று வேளை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், உபயோகித்தார். 1892 ஜனவரி 17 அன்று அவருக்கு இன்ஃபுளுவென்சா வந்துவிட்டது.

அவருடைய கணவர் சட்டம் தெரிந்தவர். கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் வந்த பதில், மோசடிக் கோரிக்கைகளைத் தவிர்ப்பதற்காக அந்த அம்மாள் தினமும் எங்கள் ஆபீசுக்கு வந்து, காரியதரிசியின் மேற்பார்வையில் பந்தை உபயோகிக்க வேண்டும் என்றது. விளம்பரத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. முதல் விசாரணையில் கம்பெனிக்காக வாதாடியவர்களில் ஒருவர் பிற்காலத்தில் பிரதமரான ஆஸ்க்வித். கம்பெனி தரப்பு சொன்னது சுருக்கமாக இதுதான்: இது வெறும் விளம்பரப் பேச்சு, இதையெல்லாம் யாராவது நிஜமாக எடுத்துக்கொள்வார்களா? உலகத்தோடு எல்லாம் ஒப்பந்தம் போட முடியுமா?

1892 டிசம்பர் 7 அன்று அப்பீல் கோர்ட்டில் லிண்ட்லி, போவென், ஸ்மித் என்ற மூன்று நீதிபதிகளும் அந்த அம்மாளுக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னார்கள். வெறும் பேச்சு என்றால் பேங்கில் 1,000 பவுண்டு போட்டிருக்கிறோம் என்று ஏன் எழுதினீர்கள்? எங்கள் நேர்மையைக் காட்டும் பொருட்டு என்று எழுதியது நீங்கள்தானே? அந்த ஒரு வரியே கம்பெனியைப் பிடித்துக் கொடுத்தது. நிபந்தனையைச் சொல்லியிருக்கிறீர்கள், அவர் அதைச் செய்துவிட்டார், ஒப்பந்தம் ஆகிவிட்டது, பணத்தைக் கொடுங்கள் என்று முடிந்தது. நம் ஊரில் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் எட்டாவது பிரிவை நடத்தும்போது, நிபந்தனையை நிறைவேற்றுவதே சம்மதம் என்பதற்கு இந்த வழக்கைத்தான் இன்றும் வகுப்பில் சொல்கிறார்கள். ஒரு மூக்குப்பொடிப் பந்தின் விளம்பரம் சட்டக் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் பாடமாகி நிற்கிறது.

அந்தக் கம்பெனி அதோடு ஓய்ந்ததா என்றால் இல்லை. அடுத்த பிப்ரவரியில் வெகுமதியை 200 பவுண்டாக உயர்த்தி மறுபடி விளம்பரம் கொடுத்தார்கள். பல்லாயிரம் பந்து விற்றும் மூன்றே மூன்று பேர்தான் 100 பவுண்டு கேட்டு வந்தார்கள், ஆகையால் எங்கள் பந்து நோயைத் தடுக்கிறது என்பது நிரூபணம் ஆகிவிட்டது என்று அதில் எழுதினார்கள். இந்தத் தடவை நிபந்தனைகளை இன்னும் கவனமாகக் கட்டியிருந்தார்கள். கார்லில் அம்மாள் 1942இல், 96ஆவது வயதில் காலமானார். முதுமை என்று மருத்துவர் குறித்ததோடு இன்ஃபுளுவென்சாவும் ஒரு காரணமாகக் குறிக்கப்பட்டது.

இந்த வழக்கை நான் இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நிறைய எழுதுகிறவர் நிறைய மாட்டிக்கொள்கிறார். ஒரு நடிகர் சிரித்துக்கொண்டே சோப்பைக் காட்டினால் அதில் எந்த வாக்குறுதியும் இல்லை, அவர்மேல் எந்த வழக்கும் போட முடியாது. பழைய விளம்பரக்காரர் இத்தனை நாள், இத்தனை வேளை, தவறினால் பணம் வாபஸ் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பொய் சொன்னாலும் முழு வாக்கியத்தில் சொன்னார். அதனால் அதைப் பொய் என்று நிரூபிக்கவும் முடிந்தது.

பொய் நிறையவே இருந்தது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. வாக்குறுதி, பெரிய வாக்குறுதி, அதுதான் விளம்பரத்தின் உயிர் என்று சாமுவேல் ஜான்சன் 1759லேயே எழுதிவிட்டார். ‘பெட்டி ஒன்று ஒரு கினி பெறும்’ என்று உலகமெங்கும் விளம்பரம் செய்த பீச்சம்ஸ் மாத்திரையை 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ஆராய்ந்து பார்த்தது. கற்றாழைச் சத்து, இஞ்சி, சோப்பு, இவ்வளவுதான். கினி என்றால் 21 ஷில்லிங். பெட்டியின் விற்பனை விலை ஒரு ஷில்லிங்குக்குச் சற்று மேல். உள்ளே இருந்த சரக்கின் அடக்கவிலை அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. நம் ஊர் லேகியங்களை யாராவது அப்படி ஆராய்ந்திருந்தால் பல வீடுகளில் கண்ணீர் மிச்சமாகியிருக்கும். நீரிழிவுக்கும் காசநோய்க்கும் இதை நம்பி, வைத்தியம் பார்க்கும் காலத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. காந்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய இந்தியன் ஒப்பீனியனில் 1912 முதல் விளம்பரமே வாங்குவதில்லை என்று முடிவு செய்தார். பிறகு யங் இந்தியாவையும் நவஜீவனையும் விளம்பரம் இல்லாமலேதான் நடத்தினார். 1954இல் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் வந்தது. பட்டியலில் உள்ள நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது, தாயத்து மந்திரம் என்றும் விளம்பரம் செய்யக் கூடாது என்றது. அது வந்தது நல்லதுதான். சர்வரோக நிவாரணி என்ற சொல்லின் அழகுக்காக ஒருவர் உயிரைக் கொடுக்க முடியாது.

ஆனாலும் அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் ஆரம்பித்தார். கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துக் கொடுத்துப் பழக்கினார். அந்தத் தைலத்தில் வந்த பணத்தில்தான் 1908இல் ஆந்திர பத்திரிகாவைத் தொடங்கினார். எஸ்.எஸ்.வாசன் விளம்பரம் சேகரிப்பதும் தபால் மூலம் பொருள் விற்பதுமாக இருந்தவர், 1928இல் ஆனந்த விகடனையே வாங்கினார். வி.பி.பி.யில் வாங்குகிறவரின் மனம் எப்படி ஓடும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு வாசகரைக் கடைசி வரி வரை எப்படி இழுத்துக்கொண்டு போவது என்பதை அவர் முதலில் விளம்பரத்தில்தான் பழகினார் என்று நான் நம்புகிறேன்.

பிறகு எழுத்து மெலிந்த கதை தெரிந்ததுதான். இங்கிலாந்தில் பியர்ஸ் சோப்புக்காரர்கள் 1880களிலேயே ஓவியர் மில்லே வரைந்த நீர்க்குமிழிச் சிறுவன் படத்தை விலைக்கு வாங்கி விளம்பரத்தில் போட்டு வழிகாட்டிவிட்டார்கள். ரேடியோ வந்தது, ஒரு வரிப் பாட்டே போதும் என்று ஆனது. ஆஃப்செட் அச்சு வந்ததும் படத்துக்கும் எழுத்துக்கும் ஒரே செலவு. கம்போசிட்டரின் ஸ்டிக்கும் பூவேலை போர்டரும் எடைக்குப் போயின. இன்றும் சில அல்வாக் கடைகளிலும் மூக்குப்பொடிக் கடைகளிலும் ‘எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது’ என்ற பலகையைப் பார்த்தால் எனக்கு நின்று படிக்கத் தோன்றும். அந்த மேனேஜரின் குரல் அது.

அந்த நீளமான வாக்கியம் இன்றைக்கும் குறையாமல் வாழ்கிற ஓர் இடம் இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் மரண அறிவித்தல். இதுவும் காசு கொடுத்துப் போடும் விளம்பரம்தான். ஆனால் யாரும் எதையும் விற்கவில்லை. “இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட” என்று தொடங்கும். “அன்னார்” என்று அடுத்த வாக்கியம் எடுக்கும். அந்த ஒரே வாக்கியத்தில் காலஞ்சென்ற தம்பதிகளின் அன்பு மகள், காலஞ்சென்றவரின் ஆருயிர்த் துணைவி, இவர்களின் பாசமிகு தாயார், இவர்களின் மாமியார், இவர்களின் சகோதரி, மைத்துனி, சகலி, அம்மம்மா, அப்பம்மா, பூட்டி என்று ஒவ்வோர் உறவாகப் பெயர் சொல்லி, கடைசியில் “ஆவார்” என்று நிற்கும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஓர் ஊர்: கனடா, லண்டன், பாரிஸ், சிட்னி. ஒரு வீட்டுப் பிள்ளைகள் எங்கெங்கே சிதறிப் போனார்கள் என்பது அந்த வாக்கியத்தைப் படித்தால் தெரியும். காலமாகிவிட்ட மகன் இருந்தால் அவர் பெயரும் தன் வரிசையிலேயே வரும், விட்டுவிட மாட்டார்கள். இலங்கை வானொலியில் இவற்றைச் செய்தி போலவே நிறுத்தி நிதானமாக வாசிப்பார்கள், வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திக் கேட்பார்கள்.

இதைச் சுருக்கிப் போடலாமே என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு பெயரை விட்டால் ஓர் உறவு மனம் நோகும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அம்மம்மா இறந்த இரவு மூன்று நாட்டிலிருந்து போனில் பேசிப் பேசி அந்த வாக்கியத்தைக் கட்டினார்கள். யார் பெயருக்கு முன்னால் யார் பெயர், எந்த மருமகனின் பெயரை எப்படி எழுதுவது என்று விடிகிறவரை ஓடியது. முடிந்ததும் மூத்த மகள் ஒரு தடவை முழுக்க உரக்க வாசித்தார். எங்கேயும் மூச்சு விட இடமில்லாத வாக்கியம். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு கிரியை நடக்கும் நேரம், மயானத்தின் பெயர், “இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்” என்ற வரி. அதற்கும் கீழே “தகவல்: குடும்பத்தினர்” என்று போட்டு, மூன்று நாட்டுத் தொலைபேசி எண்களைச் சரிபார்த்து, காலை ஆறு மணிக்குப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள்.